அங்க அடையாளம்: இடது கை மோதிர விரல்

என் அன்புக்குரிய மிக்கேல் அண்ணே,

நலம் விசாரித்துத் தொடங்குவது கடித முறை. இறந்தவருக்கு எழுதும்போது அந்த வரியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆபீசில் அதற்கு மாதிரி ஏதும் இல்லை. நீங்கள் இருந்திருந்தால், "ஏன் தம்பி, அதுக்கும் ஒரு பாரம் அச்சடிச்சு வச்சிருப்பீகளே" என்று சிரித்திருப்பீர்கள்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தியாகு பிடிபட்டிருக்கிறான். உங்கள் மகன்தான், அண்ணே. வாலிநோக்கத்து உப்பை பர்மாவில் இறக்கிவிட்டு, தேக்கு ஏற்றுவதற்காக ஆற்றுக்குள் போன தோணியைக் கொள்ளைக்காரர்கள் சிறு படகுகளில் வந்து வளைத்துக்கொண்டார்கள். நீங்கள் பிடிபட்ட அதே ஐராவதிக் கழிமுகம். ஆட்கள் எட்டுப் பேரையும் ஏதோ ஓர் ஓடைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மீட்புப் பணம் கேட்டுத் தோணி முதலாளிக்குத் தந்தி வந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். அவன் இப்போது தண்டல். தோணிக்கு அவன்தான் தலைவன். இரண்டு வருஷமாக, நீங்கள் செய்த வேலையைச் செய்கிறான். உங்களுக்கு அது தெரியாதல்லவா?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஐம்பது வயதில் ஒருவன் இப்படி எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆபீஸ் வாசலில் சைக்கிள் மணி கேட்டால் என் கை மைக்கூட்டைத் தட்டிவிடுகிறது. தந்திக்காரர் எங்களைக் கடந்து தபால் ஆபீஸ் பக்கம் போன பிறகுதான் மூச்சு வருகிறது. அவர் நம் வாசலில் நிற்கவேண்டும் என்று விரும்புகிறேனா, நிற்கக்கூடாது என்று விரும்புகிறேனா? இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பிறரும் படிப்பார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றை அவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் துறைமுக ஆபீசில் ரைட்டர். எந்தத் தோணியும் கரையை விட்டுப் புறப்படுமுன் அதன் ஆட்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு முன் வந்து நிற்கவேண்டும். பெயர், தகப்பனார் பெயர், ஊர், வயது, தோணியில் என்ன வேலை, அங்க அடையாளம் என்று ஆறு கட்டங்கள். ஆறையும் நிரப்பிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தால்தான் அது ஆள் பட்டியல். அதன் பிறகுதான் பாய் விரிக்கலாம்.

சிக்கலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கடல் என்றால் கணுக்கால் அளவு. நான் வேலைக்கு வந்த புதிதில், பட்டியலில் ஒரு வயது தவறாக இருக்கிறது என்று உங்கள் தோணியை அரை நாள் நிறுத்தி வைத்தேன். காற்று போய்விட்டது. நீங்கள் கோபிக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "எந்த ஊரு தம்பி நீங்க?" என்று கேட்டீர்கள்.

"சிக்கல்."

"அதான பாத்தேன். அங்கன மழை வரணும்னாலும் மனு எழுதிப் போட்டுட்டுத்தான் காத்துக்கெடப்பீக போல."

அன்று முதல் நான் உங்களுக்கு ரைட்டர் தம்பி. கரையில் மற்ற எல்லாரும் ரைட்டரய்யா என்று தள்ளி நின்றபோது, நீங்கள் ஒருவர்தான் என்னைத் தம்பி என்றீர்கள். தங்கச்சிமடத்தில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், "மதினி கையால மீன் தின்னாத்தான் கடல் பயம் போகும்" என்று உட்காரவைத்தீர்கள். சந்தியாகு என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டான். அந்த உறவு படிவத்தில் எழுதி வந்ததல்ல. நீங்கள் கொடுத்தது.

உங்கள் கடைசிப் பயணத்துக்கு முன் பட்டியல் எழுதிய காலையை நான் மறக்கவில்லை. பழைய பட்டியலைப் பார்த்தே எழுதியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நேரில் பார்த்து எழுதவேண்டும் என்பது விதி. உங்கள் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"மோதிர விரலில் எத்தனை கணு போயிருக்கிறது?"

"ஒண்ணு. பாய்க்கயிறு தின்னுருச்சு. ஏன், மிச்சத்துக்கு வரி போடப்போறீகளா?"

பின்னால் நின்ற சவரிமுத்து சிரித்தான். அவன் உங்கள் தோணியில் பண்டாரி, அதாவது சோறாக்குகிறவன். அப்போதுதான் நீங்கள் அந்தப் பழக்கத்தை எனக்குச் சொன்னீர்கள். பர்மாவில் ஆட்சி மாறியதிலிருந்து ஆற்றுக்குள் கொள்ளை பெருகிவிட்டது. போகிற தோணிகளில் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

"மாட்டிக்கிட்டா தண்டல்னு மட்டும் சொல்லப்படாது தம்பி. பாய் இழுக்குற கலாசிய விட்டுருவான், தண்டல விடமாட்டான். ரெட்டிப்பாக் கேப்பான். பிடிச்ச தோணிய ஓடைக்குள்ள ஓட்டிக் குடுன்னு வச்சுக்கிடுவான். அதனால தண்டல் ஏஜெண்டப் பாக்கக் கரையில எறங்கிட்டாருன்னு எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிருவோம். நான் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி ஒக்காந்துருவேன். நான்தான் பண்டாரி."

"நீங்க வைக்கிற கொழம்ப ஒரு நேரம் தின்னான்னா, அவனே துட்டுக் குடுத்து அனுப்பிச்சுருவான்ணே" என்றான் சவரிமுத்து.

"ஏலே, ஒன் கொழம்புல இருந்து தப்பிக்கத்தான்டா நான் பிடிபடணும்னே கெடக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வேலையை மாற்றிச் சொல்வது குற்றம் என்றேன். "யாருகிட்டத் தம்பி குத்தம்? கொள்ளைக்காரன்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுப் போனீர்கள். 'வேலை: தண்டல். அங்க அடையாளம்: இடது கை மோதிர விரலில் நுனிக் கணு இல்லை.' என் எழுத்து மிகத் திருத்தமாக இருந்தது.

அண்ணே, அதன் பிறகு நடந்ததில் உங்களுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. எட்டு வருஷமாக அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் பிடிபட்ட செய்தி வந்த நான்காம் நாள், முதலாளியின் ஆள் ஆபீசுக்கு வந்தார். அங்கே நடுவில் நின்று பேசுகிற அரிசி ஆலைத் தரகர், யார் யாரை விடுவிக்கவேண்டும் என்று தெரிய ஆட்களின் விவரம் கேட்டிருக்கிறார் என்றார். "பேரு மட்டும் எழுதிக் குடுங்க போதும், ரைட்டரய்யா." நான் மறுத்தேன். பட்டியலின் நகல் என்றால் முழு நகல். ஒரு கட்டத்தை விட்டாலும் நான் சான்று எழுதமுடியாது. சான்று இல்லாத காகிதம் இந்த ஆபீசிலிருந்து வெளியே போகாது. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, உங்க இஷ்டம்" என்று உட்கார்ந்தார்.

உங்கள் பெயருக்கு நேரே 'தண்டல்' என்று எழுதும்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள இத்தனை வருஷம் முயன்று பார்த்தேன், முடியவில்லை. நினைவு வந்தது. பேனாவை எடுத்து ஒருமுறை மையில் தோய்த்தேன். பொய்யான நகலுக்குச் சான்று எழுதினால் வேலை போகும், வழக்கு வரும் என்று நினைத்தேன். தரகர் நல்லவராகத்தான் இருப்பார், அவர் அதைக் கொள்ளைக்காரரிடம் காட்டவா போகிறார் என்றும் நினைத்தேன். பிறகு விரலைப் பற்றிய வரியையும் எழுதி, முத்திரை வைத்தேன்.

ஆட்கள் திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை. சவரிமுத்து நேரே என் மேசைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவுக கையில ஒரு பேப்பரு இருந்துச்சு, ரைட்டரய்யா. நம்ம பாசை பேசுற ஒருத்தன வச்சு வாசிக்கச் சொன்னானுக. தண்டல் யாருன்னான். கரையில எறங்கிட்டாருன்னோம். அவன் பேப்பரப் பாத்தான். எல்லாரும் இடது கைய நீட்டுங்கடான்னான். அண்ணன் அடுப்பு முன்னாடி ஒக்காந்து கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தாரு. கரண்டிய வலது கைக்கு மாத்தி வச்சுட்டு, கைய நீட்டுனாரு."

மேசைமேல் கிடந்த முத்திரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தேன்.

"எங்கள அனுப்புறப்ப அண்ணன் சிரிச்சாரு. 'ஏலே சவரி, ஒன் வேலைய ஒங்கிட்டயே குடுத்துட்டேன்டா'ன்னாரு. அம்புட்டுத்தான். பேப்பரு எங்கிருந்து போச்சுன்னு மதினிக்குத் தெரிய வேணாம். நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீக."

உங்களுக்காகத் தனியாகக் கேட்ட தொகையைச் சேர்த்து அனுப்புவதற்குள், நீங்கள் காய்ச்சலில் போய்விட்டதாகத் தரகரிடமிருந்து செய்தி வந்தது. எந்தச் சேற்றில் உங்களை வைத்தார்கள் என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கல்லறைத் திருநாளில் எல்லாரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, ரோசம்மா மதினி மட்டும் கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பார்த்து ஒன்றை மணலில் நட்டு ஏற்றுகிறார். காற்று அணைக்கிறது. மறுபடி ஏற்றுகிறார். நான் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சந்தியாகு முதன்முறை தண்டலாக என் முன் வந்து நின்றபோது, அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு நேரமாயிற்று. வலது புருவத்தில் தழும்பு. எழுதினேன். "என்ன சித்தப்பா, கை நடுங்குது?" என்றான். பேனா சரியில்லை என்றேன். உங்கள் மகனிடம் நான் சொன்ன பொய் அது.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். தந்தி வந்த மூன்றாம் நாள் முதலாளியின் ஆள் மறுபடி வந்தார். அதே வேண்டுகோள். ஆனால் இந்த முறை அவர், "முழு நகலே குடுத்துருங்க, ரைட்டரய்யா. நீங்க வேற மாதிரி எழுதமாட்டீகன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எழுதினேன். எட்டுப் பேரையும் 'கலாசி' என்று எழுதினேன். பாய் இழுக்கிற, சுமை தூக்குகிற ஆள். அதற்கு மேல் ஒருவரும் அந்தத் தோணியில் இல்லை; தண்டல் கரையில் இறங்கிவிட்டான் என்று அவர்கள் சொன்னால் அதற்கு இது ஒத்துப்போகும். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் எட்டு முறை 'ஏதும் இல்லை'. அதன் கீழே, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைத்தேன். அண்ணே, என் கை நடுங்கவில்லை. பிறகு மூலப் பட்டியலை எடுத்து அதன் ஓரத்தில், 'அனுப்பிய நகல் இதனோடு ஒத்ததன்று. தெரிந்தே மாற்றியவன் நான்' என்று எழுதி, பெயரும் போட்டு, கோப்பில் வைத்தேன். அதைச் செய்யாமல் என்னால் வீட்டுக்குப் போகமுடியாது. நீங்கள் இதற்கும் சிரிப்பீர்கள்.

உறை விமானத் தபாலில் போயிற்று. அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டேன்.

சவரிமுத்தும் அந்தத் தோணியில்தான் இருக்கிறான்.

என் காகிதம் உங்களை என்ன செய்தது என்பதை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன். பொய் சொல்லிப் பிடிபட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ரைட்டரய்யாவின் பட்டியல் ஒரு புள்ளிகூட மாறாமல் வந்து சேரும் என்பதும் தெரியும். அப்படியானால் அவன் சந்தியாகுவிடம் என்ன சொல்லியிருப்பான்? "மறைக்காதடா. அந்த மனுசன் உள்ளத உள்ளபடி எழுதி அனுப்பிருவாரு. நீயே தண்டல்னு சொல்லிரு, அடியாவது மிச்சமாகும்" என்றுதானே சொல்லியிருப்பான்? அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

அப்படி அவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால், என் நகல் போய்ச் சேரும்போது அது பொய்யாகும். தண்டல் என்று தானே சொன்னவன் பட்டியலில் கலாசியாக இருப்பான். ஏதோ சூது நடக்கிறது என்று நினைப்பார்கள். நினைத்தால் என்ன செய்வார்கள்? அன்று உங்கள் விஷயத்தில் நான் எழுதிய உண்மை உங்களைக் காட்டிக்கொடுத்தது. இன்று நான் எழுதிய பொய் உங்கள் மகனைக் கொன்றுவிடுமோ என்று இருக்கிறது.

திருத்தம் என்று ஒரு தந்தி கொடுக்கலாம். படிவம் வாங்கி எழுதியும் விட்டேன். ஆனால் அவன் உங்களைப் போலவே கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அந்தத் தந்தியால் அவனை நானே இரண்டாம் முறை கைநீட்டச் சொன்னவன் ஆவேனே. தபால் ஆபீஸ் சன்னல் வரை போய்த் திரும்பினேன். படிவம் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. வேர்வையில் எழுத்து ஊறிவிட்டது.

மதினி தினமும் மத்தியானம் வருகிறார். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் செபமாலையை மறைத்துக்கொண்டு உருட்டுகிறார். முந்தாநாள் நான் சுற்றிவளைத்துக் கேட்டேன், சந்தியாகுவுக்குச் சமைக்கத் தெரியுமா என்று.

"அவனுக்கா? உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாது, ரைட்டரய்யா. அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டான். எதுக்குக் கேக்குறீக?"

"சும்மாதான், மதினி."

"அவுக அப்பாவும் அப்படித்தான். கடைசிக் காலத்துல பண்டாரி வேசம் கட்டுனாகளாமே. சவரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எம்மவன் அதக் கேட்டுட்டு, 'நானா இருந்தா அய்யா மாதிரி அடுப்புல போய் ஒளியமாட்டேன்'னு சொல்லுவான். அவன் என்னத்தச் சொல்லித் தொலச்சிருக்கானோ." சிறிது நேரம் மாலையை உருட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க நல்லபடியாத்தான் எழுதி அனுப்பியிருப்பீக. அன்னைக்கும் நல்லபடியாத்தான எழுதுனீக" என்றார்.

அவருக்குத் தெரியுமா, அண்ணே? தெரியாமல் சொன்ன வார்த்தையா, எட்டு வருஷமாகத் தெரிந்தே எனக்கு மீன் குழம்பு ஊற்றிய கையா? அந்த முகத்தில் என்னால் ஒன்றும் படிக்கமுடியவில்லை. நான் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். தலைகீழாகப் பிரித்திருக்கிறேன் என்று அவர் போன பிறகுதான் பார்த்தேன்.

நேற்று தந்திக்காரர் நம் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். எழுந்து நின்றேன். அவர் தண்ணீர் கேட்டு வந்திருந்தார். "என்ன ரைட்டரய்யா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?" என்று குடித்துவிட்டுப் போனார்.

இத்தனை நாளும் நான் பயந்தது ஒன்றுக்கு மட்டுமல்ல என்பதையும் உங்களிடம் மறைக்கக்கூடாது. அவன் வராமல் போய்விடுவானோ என்று பயப்படுகிறேன். வந்துவிட்டால், ஓடைக்குள் சவரிமுத்து அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பானே, என் முகத்தை அவன் எப்படிப் பார்ப்பான் என்றும் பயப்படுகிறேன். ஒரு தரம், மனத்துக்குள் ஒரு மூலையில், இரண்டாவது பயம் முதல் பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. ஒரு கணம்தான். அந்தக் கணத்துக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, நீங்கள் எப்போதும் கேலி செய்த என் வழக்கப்படி, இதற்கும் ஒரு விதி வகுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் இன்று என் மேசை இழுப்பறைக்குள் போகும். சந்தியாகு இந்தக் கரையில் கால் வைக்கும் வரை அங்கேயே இருக்கும்; ஒரு வரி முன்னதாக வெளியே போனாலும் ஆற்றில் இருக்கிற எட்டுப் பேருக்கும் ஆபத்து. அவன் வந்து இறங்கியதும், வீட்டுக்குப் போகுமுன், மதினியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பட்டியல், அவன் பட்டியல் இரண்டையும் அவன் கையில் கொடுப்பேன். உங்கள் விரலைப் பற்றிய வரியை நானே வாய்விட்டுப் படிப்பேன். சவரிமுத்து சொல்லியிருந்தாலும் படிப்பேன். அவன் என்னை அடித்தால் நிற்பேன். சித்தப்பா என்ற சொல்லை அவன் திரும்ப எடுத்துக்கொண்டால், கொடுத்துவிடுவேன். அதன் பிறகுதான் இது அச்சுக்குப் போகும். மேலதிகாரிக்கு ஒரு பிரதியும் சேர்த்து அனுப்புவேன்.

அவன் வராவிட்டால் இந்தக் கடிதத்தை யாரும் படிக்கப்போவதில்லை. மதினியிடம் மட்டும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தி இரண்டாகிவிட்ட அந்த மணலில் இதைக் கொளுத்துவேன்.

ஆனால் இதை யாரோ ஒருவர், எங்கோ ஓர் ஊரில், அச்சில் படித்து இந்த வரி வரை வந்திருந்தால், அவன் வந்துவிட்டான், அண்ணே. நானும் சொல்லிவிட்டேன். இந்த இரண்டும் நடக்காமல் இது வெளியே வராது. இதற்கு நான் சான்று எழுதுகிறேன்.

நீங்கள் கூப்பிட்டதால் தம்பியானவன்,
ரைட்டர் வேலாயுதம்